சவேரியாரின் கடிதங்களும் முத்துக்குளித்துறை மக்களும்: ஒரு மறுநோக்கு

பிரான்சிஸ் சவேரியார் (1506-1552) பற்றித் தமிழிலே எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இரு திறத்தன. ஒரு சாரார் அவரைப் புதுமைகள் புரிந்த புனிதராக மட்டுமே காண்பர். மற்றொரு சாரார் போர்த்துக்கேய வாளின் நிழலில் வந்த சமயப் பரப்புநர் என்ற ஒரேயொரு வாக்கியத்துடன் அவரை முடித்துவிடுவர். முன்னையோரின் எழுத்தில் வரலாறு இல்லை. பின்னையோரின் எழுத்தில் வரலாறு உண்டு. ஆயின் அதில் மனிதர் எவரும் நடமாடுவதில்லை. இரு சாராரும் ஒரு விடயத்தில் மட்டும் ஒத்துப்போகின்றனர். சவேரியார் விட்டுச்சென்ற கடிதங்களை ஊன்றிப் படிக்க வேண்டிய தேவையை இருவருமே உணர்ந்ததாகத் தெரியவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் மன்னாரிலும் வாழ்ந்த கடற்றொழிலாளரைப் பற்றிச் சமகாலத்தவர் ஒருவர் எழுதிய நேர்ச் சான்றுகள் மிகச் சிலவே நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் இக்கடிதங்கள் தலையாயவை என்பதால், அவற்றைப் படியாது விடுவது சவேரியாருக்கு இழைக்கும் குறை என்பதினும் அம்மக்களுக்கு இழைக்கும் குறை என்பதே பொருந்தும்.

கடிதங்கள் எட்டாத இடத்தில் இல்லை. 1596 இல் துர்செல்லினி என்பார் அவற்றின் இலத்தீன் வடிவத்தை வெளியிட்டார். கோல்ரிட்ஜின் 'சவேரியாரின் வாழ்வும் கடிதங்களும்' 1872 இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. சூர்ஹாமரும் விக்கியும் 1944-45 இல் உரோமாபுரியில் மூலமொழிகளிலேயே திருத்தமான பதிப்பினை இரு தொகுதிகளாகக் கொணர்ந்தனர். கொஸ்டெல்லோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1992 இல் வெளிவந்தது. இவற்றுள் முதலாவதை எச்சரிக்கையுடன் கையாளுதல் வேண்டும். சவேரியார் எழுதியது ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் கலந்த, அவசரமான, திருத்தமற்ற உரைநடை. துர்செல்லினி அதனை அறிஞர் போற்றும் செந்நெறி இலத்தீனாக மாற்றிய பொழுது, தோணியின் ஆட்டமும் கடற்கரை வெயிலும் அதிலிருந்து அகன்றன. பின்வந்த பக்திநூலாசிரியர் பலர் கண்ட சவேரியார் இந்த மெருகேற்றப்பட்ட சவேரியாரே.

இக்கடிதங்களை அணுகுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இயேசு சபையினரின் கடித மரபாகும். சபை நிறுவுநரான இஞ்ஞாசியார், தம் சகாக்கள் கடிதம் எழுதும் முறை பற்றி 1542 இல் ஓர் அறிவுறுத்தல் விடுத்தார். யாருக்கும் காட்டக்கூடிய செய்திகளைத் தலைமைக் கடிதத்தில் ஒழுங்குற எழுதுதல் வேண்டும். ஏனையவற்றைத் தனித் தாள்களிலே எழுதலாம் என்பது அதன் சாரம். தலைமைக் கடிதம் பிரதி செய்யப்படும், வாசிக்கப்படும், செல்வர்க்கும் செல்வாக்குள்ளோர்க்கும் காட்டப்படும். அதாவது அது ஒரு நிறுவனத்தின் ஆவணமும் அதன் விளம்பரமுமாகும். சவேரியாரின் கடிதங்களையும் இவ்வாறே இருவகையாகப் பிரித்து நோக்கலாம். உரோமாபுரிக்கு எழுதப்பட்ட நீண்ட கடிதங்கள் ஒருவகை. கடற்கரையில் தம்முடன் பணியாற்றிய பிரான்சிஸ்கோ மன்சில்யாசுக்கு 1544 இல் எழுதிய, ஏறத்தாழ இருபத்தைந்து சிறு கடிதங்கள் மற்றொரு வகை. உலகறிந்தவை முன்னையவே. நமக்கு வேண்டியவை பின்னையவை என்பது என் துணிபு.

நவார் நாட்டிலே பிரபு குடும்பத்திற் பிறந்து, பாரிஸ் பல்கலைக்கழகத்திற் கற்று, அங்கு இஞ்ஞாசியாரின் தோழமையைப் பெற்ற சவேரியார், 1541 ஏப்ரிலில் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு 1542 மே 6 இல் கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே குமரிமுனைக்குக் கிழக்கேயுள்ள முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்துவிட்டார். இவ்விடத்து ஒரு பிழையான கருத்தை நீக்குதல் அவசியம். அக்கரையின் பரவரைக் கிறிஸ்தவராக்கியவர் சவேரியார் அல்லர். அவர் வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே அது நிகழ்ந்துவிட்டது. முத்துக்குளிப்பின் இலாபத்தைக் கட்டுப்படுத்திய முஸ்லிம் வணிகருக்கும் கடலில் மூழ்கிய பரவருக்குமிடையே 1530களிற் பகை முற்றியது. ஜோவான் டா குரூஸ் என்ற குதிரை வணிகரின் ஆலோசனைப்படி பரவரின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கேயரின் பாதுகாப்பினை வேண்டினர். அதன் விலை ஞானஸ்நானம். 1536-37 இல் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவராயினர் என்பர். 1538 இல் வேதாளைப் போரில் மார்ட்டின் அபொன்சோ டி சூசாவின் கடற்படை எதிரணியை முறியடித்தது. முத்துக்குளித்துறையின் மேலாண்மை போர்த்துக்கேயர் வசமாயிற்று. ஆக, அங்கு முதலில் மாறியது கடலுரிமை பற்றிய ஏற்பாடு. சமய மாற்றம் அவ்வேற்பாட்டின் உடன்படிக்கை முத்திரை போன்றது.

இதனைச் சவேரியாரும் உணர்ந்தேயிருந்தார். 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், இம்மக்களைக் கேட்டால் தாம் கிறிஸ்தவர் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல அறியார் என்று தெரிவிக்கின்றார். அவர்களுக்குப் போதிக்கக் குருக்கள் இல்லை. இவர்களின் மொழியும் தமக்குத் தெரியாது. ஏற்கனவே பெயரளவிற் கிறிஸ்தவராக இருந்தவர்களைக் கருத்தளவிற் கிறிஸ்தவராக்குவதே அவர் முன்னிருந்த பணி. தேவையின் பொருட்டு வந்த மக்களை நம்பிக்கையின் பாற்படுத்தும் இம்முயற்சியே அவர் வாழ்வின் இக்காலப் பகுதிக்கு உயிரும் முரண்பாடும் ஆகும்.

உலகப் புகழ் பெற்ற கடிதம் 1544 ஜனவரி 15 ஆம் தேதியிட்டது. கொச்சியிலிருந்து உரோமாபுரிக்கு எழுதப்பட்ட இக்கடிதம் மறு ஆண்டிலேயே பாரிஸில் அச்சேறியது. இரு மொழியும் அறிந்தோரைக் கூட்டிப் பல நாள் உழைத்து மன்றாட்டுக்களைத் தமிழிற் பெயர்த்தமை, அவற்றை மனனஞ் செய்தமை, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் அழைத்தமை, ஞானஸ்நானங் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்தமை ஆகியன அதிலே கூறப்படுகின்றன. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிஸுக்குச் சென்று, அன்பினும் மிகுந்த கல்வியுடைய அறிஞர் முன்னே உரக்கக் கூவ வேண்டும் என்ற தம் ஆவலையும் தெரிவிக்கின்றார். படித்தோரின் சமூகப் பொறுப்பின்மையை இடித்துரைக்கும் இப்பகுதி, நோக்கம் எதுவாயினும், பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எவரையும் சற்று நெளிய வைக்கும்.

ஆனால் அதே கடிதத்தில் நாம் உடன்பட முடியாதனவும் உண்டு. சிறுவர்கள் தம் பெற்றோர் செய்யும் பழைய வழிபாடுகளைத் தம்மிடம் வந்து அறிவிப்பதையும், உருவச் சிலைகளை நொறுக்கி மிதிப்பதையும் சவேரியார் பெருமகிழ்ச்சியுடன் வருணிக்கின்றார். பிள்ளைகளைப் பெற்றோர்க்கு எதிரான ஒற்றராக்கும் இம்முறையைப் 'பக்தி ஆர்வம்' என்று கூறி ஒதுக்கிவிட முடியாது. ஒரு சமுதாயத்தின் பண்பாட்டு நினைவை அறுக்க வேண்டுமாயின் தலைமுறைகளுக்கு இடையிலேதான் கத்தியை வைக்க வேண்டும். பின்னாளில் வெவ்வேறு கொடிகளின் கீழ் ஆட்சி நடத்தியோர் பலரும் இதனைச் செய்தனர்.

பிராமணர் பற்றிய பகுதியும் கவனிக்கத்தக்கது. இருநூறுக்கு மேற்பட்ட பிராமணர் வாழ்ந்த ஒரு கோயிலில் அவர்களுடன் உரையாடியமையைச் சவேரியார் எழுதுகின்றார். ஏழைகளை ஏமாற்றி உண்பவர் என்று அவர்களைக் கடுமையாகச் சாடும் அவர், அவர்கள் இல்லையெனில் இந்நாட்டார் அனைவரும் மனந்திரும்பிவிடுவர் என்கிறார். அவர்களுள் ஒருவர் மட்டும் மறைவாகத் தம் மரபின் உட்பொருளைக் கூறியதாகக் குறிப்பிட்டு, நாராயண மந்திரத்தைத் தம் காதுக்குக் கேட்டவாறு உரோம எழுத்திற் பொறித்து வைக்கின்றார். கோயிற் பொருளாதாரத்தின் சுரண்டற் பண்பினை அவர் கண்டது உண்மையே. ஆயின், தாம் எதிர்கொண்டது பல நூற்றாண்டுகளாக வளர்ந்த ஒரு சிந்தனை மரபு என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. ஒரேயொரு நண்பகல் உரையாடலுடன் அவ்வாயில் அடைபட்டுவிடுகின்றது. ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளின் பின் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்ததை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

இனி மன்சில்யாசுக்கு எழுதிய கடிதங்களுக்கு வருவோம். மன்சில்யாஸ் கல்வியினும் நல்லெண்ணம் மிக்கவர். அவருக்கு எழுதும்போது சவேரியார் உலகின் முன் பேசவில்லை. அரைப்பக்கம், ஒரு பக்கம். சில வேளைகளில் அடுத்தடுத்த நாட்களில் எழுதியவை. இவற்றைப் படிக்கும் தமிழ் வாசகர் முதலில் வியப்பது சொற்களைக் கண்டுதான். போர்த்துக்கேய வாக்கியங்களின் நடுவே தோணியும் ஓலையும் பணமும் பட்டங்கட்டியும் கணக்கப்பிள்ளையும் சற்றே உருமாறிய நிலையில் வந்து நிற்கின்றன. இச்சொற்களைத் தொகுத்து நோக்கினால் அவை பெரும்பாலும் போக்குவரத்தும் நிருவாகமும் பிழைப்பும் சார்ந்தவையாகவே உள்ளமை தெரியவரும். அக்கரையின் சமூக அமைப்பு அவரது மொழியினுள்ளே புகுந்துவிட்டது. சமயப் பணியைக் கூட அவர் அவ்வமைப்பின் வழியாகவே நடத்தினார். பட்டங்கட்டிகள் ஊரைக் கட்டுப்படுத்தினர். கணக்கப்பிள்ளைகள் மன்றாட்டுக் கற்பித்தனர். அரசியின் பாதரட்சைச் செலவுக்கெனப் பரவரிடம் பெறப்பட்ட 4,000 பணம் இக்கணக்கப்பிள்ளைகளின் ஊதியத்துக்கென ஒதுக்கப்பட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சாதித் தலைமையைத் திருச்சபை குலைக்கவில்லை. அதனைத் தனக்குரிய கருவியாக்கிக்கொண்டது. பரவர் சமுதாயத்திலே சாதிக் கட்டுக்கோப்பும் திருச்சபைக் கட்டுக்கோப்பும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தமைக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது.

1544 ஜூனில் விசயநகரத்தைச் சார்ந்த வடுகர் படை குமரிமுனைப் பகுதியிற் புகுந்து கொள்ளையிட்டது. மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒதுங்கினர். உணவும் நீருமின்றிச் சிலர் அங்கேயே மாண்டனர். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளிலே உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். ஆனி மாதத்துக் கச்சானை எதிர்த்துத் தென்மேற்கே தண்டு வலித்துச் செல்லுதல் எத்தகையது என்பதை நம் கடற்றொழிலாளர் எவரும் அறிவர். எட்டு நாட்கள் கடலில் அலைந்தும் முனையை அடைய முடியவில்லை. திரும்பிவந்து தரைவழியே நடந்து சென்றார். அங்கு கண்டவற்றை எழுதும் இடத்தில் எந்த அலங்காரமும் இல்லை. உண்ண எதுவுமில்லாதவர், நடக்க இயலாத முதியோர், இறந்துபோனவர், வழியிலே பிள்ளை பெற்றவர் என்று எண்ணிக்கொண்டே போகின்றார். இவர்களுக்கு உதவுமாறு ஏனைய ஊர்ப் பட்டங்கட்டிகளுக்குச் சொல்லுக. வறியவரை வருத்திப் பெறவேண்டாம் என்று மன்சில்யாசுக்கு அறிவிக்கின்றார். புதுமைகள் நிறைந்த புனிதர் வரலாறுகள் அனைத்தையும் விட, காற்றுக்குத் தோற்றுத் திரும்பிய இந்த எட்டு நாள் எனக்கு அவரை நெருங்கியவராக்குகின்றது.

தம்மவரைப் பற்றி அவர் எழுதியதும் இக்கடிதங்களிலேதான் வெளிப்படுகின்றது. போர்த்துக்கேயர் சிலர் அயலரசனைச் சார்ந்த ஒருவனை அவ்வரசனின் நிலத்திலேயே பிடித்துச் சென்றபோது, உள்ளூரார் இவ்வாறு ஒரு போர்த்துக்கேயரைப் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றால் நம்மவர் பொறுப்பார்களா என்று கேட்கின்றார். இவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பதினும், தொல்லை தருவோர் இல்லாத அபிசீனியாவுக்குப் போய்விடலாம் என்று ஒருமுறை சலிப்புடன் எழுதுகின்றார். தூத்துக்குடித் தலைவர் கொஸ்மே டி பைவாவின் வீடு எரிந்து, அவர் தீவுகளில் ஒதுங்கியபோது, உடனே உதவிக்குச் செல்லுமாறு மன்சில்யாசை ஏவியவரும் இவரே. அதே மனிதர் இக்கரையில் அடித்த கொள்ளைகளுக்கும், தூத்துக்குடியில் அவரது பேராசையால் நேர்ந்த அழிவுகளுக்கும் சாவுகளுக்கும் கணக்குத் தீர்க்க அவருக்கு உதவுக என்று அவ்வாண்டின் இறுதியில் எழுதியவரும் இவரே. 1545 ஜனவரியில் லிஸ்பனிலிருந்த சகா ரொட்ரீகசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கசந்த இலக்கண நகைச்சுவை உண்டு. 'பறித்தல்' எனப் பொருள்படும் 'ராப்பியோ' என்ற இலத்தீன் வினையை இந்தியாவுக்கு வரும் அதிகாரிகள் எத்தனை காலங்களிலும் எத்தனை வகைகளிலும் திரித்து வழங்குகின்றனர் என்று வியக்கின்றார். குடியேற்ற ஆட்சியின் பொருளாதாரத்தை ஒரே வினைச்சொல்லால் விளக்கிய இந்த இடத்தைப் பல அரசியற் பொருளாதார நூல்கள் எட்டவில்லை.

எனில், சவேரியாரைக் குடியேற்ற ஆட்சியின் எதிர்ப்பாளராகக் கொள்ளலாமா? சில நவீன கத்தோலிக்க எழுத்தாளர் அவ்வாறு காட்ட முயல்வர். கடிதங்கள் அதற்கு இடந்தரவில்லை. புன்னைக்காயலில் சாராயம் அருந்தும் பெண்களுக்கு ஒரு பணம் தண்டமும் மூன்று நாட் சிறையும் விதித்தவர் அவர். கட்டளையை மீறிய கிறிஸ்தவர்களைக் கடற்குளிப்புக்கு அழைக்கலாகாது, அடங்காதோர் நம் கடலின் பயனைத் துய்க்கக்கூடாது என்று அறிவித்தவரும் அவரே. 'நம் கடல்' என்ற இந்த உடைமைச் சொல் ஆய்வுக்குரியது. பரவர் தம் உயிரைப் பணயம் வைத்து மூழ்கிய கடல் எப்பொழுது, எவ்வாறு அவர்களின் குருவானவரது கடலாயிற்று? பிழைப்பைக் கொடுத்தும் மறுத்தும் ஒழுக்கம் கற்பிக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. அவ்வதிகாரம் வேதத்திலிருந்து வரவில்லை. வேதாளைப் போரிலிருந்து வந்தது.

பின்னைய கடிதங்களில் இப்போக்கு மேலும் இறுகுகின்றது. 1546 மே மாதத்தில் அம்போனாவிலிருந்து மூன்றாம் யோவான் மன்னருக்கு எழுதியபோது கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டும் எனக் கேட்கின்றார். அது அமைந்தது அவர் இறந்து எட்டு ஆண்டுகளின் பின், 1560 இல். 1548 ஜனவரியில் கொச்சியிலிருந்து அதே மன்னருக்கு எழுதிய கடிதம் இன்னும் வெளிப்படையானது. சமயத்தைப் பரப்பத் தவறும் ஆளுநர் தாயகம் திரும்பியதும் அவரது உடைமைகளைப் பறித்துப் பல்லாண்டு சிறையிடுவதாக மன்னர் சூளுரைக்க வேண்டும் என்கின்றார். அதிகாரிகளின் கொள்ளையைக் கண்டு வெகுண்டவர், அதற்கு மாற்றாக அதிகாரத்தையே மேலும் நாடுவது இங்கு காணப்படும் முரண்பாடு. பறிப்போர் தீயோர் என்பதை அவர் கண்டார். பறித்தலை இயல்பாக்கும் அமைப்பினை அவர் காணவில்லை. அவர் காலத்து ஐரோப்பியருள் மிகச் சிலரே அதைக் கண்டனர் என்பதும் உண்மை. எனினும் அதே ஆண்டுகளில் ஸ்பானிய அமெரிக்காவின் பழங்குடியினர் பொருட்டு லாஸ் கசாஸ் நடத்திய போராட்டத்தை மறந்துவிட்டு இவ்வாதத்தை முன்வைக்கலாகாது.

இம்முரண்பாடு நம் மண்ணைத் தொடும் இடம் மன்னார். 1544 இல் மன்னார் மக்கள் தம்மிடம் வருமாறு சவேரியாரை அழைத்தனர். அவரால் செல்ல முடியவில்லை. மற்றொரு குருவை அனுப்பினார். பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணைப்படி அவர்கள் கொல்லப்பட்டனர். இறந்தோர் 600 அல்லது 700 பேர் எனப் பிற்கால நூல்கள் குறிக்கும். சங்கிலியின் செயலை மதவெறி என்றோ நாட்டுப்பற்று என்றோ ஒற்றைச் சொல்லில் அடக்குதல் நம் வரலாற்றெழுத்தில் வழக்கமாகிவிட்டது. முத்துக்குளித்துறைக் கரையில் மதம் மாறியோர் போர்த்துக்கேய முடியின் பாதுகாப்புக்குட்பட்டவராயினர் என்பதையும், அதனுடன் முத்துப்பார்களின் ஆதிக்கமும் கைமாறியது என்பதையும் அவன் அறியாதிருந்திருக்க முடியாது. மன்னாரின் கடலும் முத்துக் கடலே. அரசியற் காரணம் தெளிவானது என்பதால் கொலை நியாயமாகிவிடாது. ஓர் அரசன் தன் அச்சத்தைத் தீர்த்துக்கொள்ள வறிய கடற்றொழிலாளரைத் தேர்ந்தமையும், அவர்களின் சாவைச் சாட்டாகக் கொண்டு மற்றொரு வல்லரசு படையெடுக்க முனைந்தமையும் ஒரே கதையின் இரு பக்கங்கள்.

சவேரியார் இப்படையெடுப்புக்காக ஆளுநரை நேரிற் கண்டு வேண்ட மேற்குக் கரைவழியே வடக்கு நோக்கிப் பயணம் செய்தார். அரசனின் சகோதரன் தானே உண்மையான உரிமையாளன் என்றும், ஆட்சியைப் பெற்றுத் தந்தால் தன் தலைமக்களுடன் கிறிஸ்தவனாவதாகவும் வாக்களிப்பதை 1545 ஜனவரிக் கடிதத்தில் நம்பிக்கையுடன் எழுதுகின்றார். சூழ்ச்சியை அவர் சூழ்ச்சியாகக் காணவில்லை. பின் 1545 ஏப்ரிலில் நாகபட்டினத்திலிருந்து மன்சில்யாசுக்கு ஒரு சிறு கடிதம். யாழ்ப்பாணப் படையெடுப்பு நடைபெறவில்லை. காரணம், பெகுவிலிருந்து சரக்குடன் வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது; சரக்கு அரசன் கைவசமாயிற்று; அதை மீட்கும்வரை படை நகராது. மன்னாரில் இறந்தவர்களின் பெறுமதி எதனால் அளக்கப்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறும் ஆவணம் வேறில்லை. சவேரியார் இதனை எழுதிவிட்டு, ஆத்திரமும் காட்டாது, மயிலாப்பூருக்குப் பயணமானார். 1560 இல் கொன்ஸ்தந்தீனோ டி பிறகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து, அங்கு நிலைக்க முடியாது மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்த கதையும், 1619 இல் யாழ்ப்பாண அரசு முற்றாக வீழ்ந்த கதையும் நாம் அறிந்தவை.

இவ்வளவும் கூறியபின், 1544 இல் மன்சில்யாசுக்கு எழுதிய மற்றொரு கடிதத்தை எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். அதனை வழக்கமாக மொழி வரலாற்றாய்வாளர் ஓர் அடிக்குறிப்பிலே கூறிச் செல்வர். விசுவாசப் பிரமாணத்தின் தமிழ் வடிவில் 'எனக்கு வேணும்' என்று சொல்லி வந்தமையைச் சவேரியார் அதில் திருத்துகின்றார். 'வேணும்' என்பதற்கு 'விரும்புகிறேன்' என்பதே பொருள். ஆதலின் அதை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுக என்கின்றார். அதே மூச்சில் மற்றொரு திருத்தம். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறுமிடத்தில் 'வன்பினாலே' என்று கொள்ளத்தக்க சொல் வழங்கி வந்தது. அது வேண்டாம், அவர் தம் விருப்பத்தினாற் பாடுபட்டாரேயன்றி வன்முறைக்கு ஆட்பட்டு அல்ல என்று விளக்குகின்றார்.

பிழை யாருடையது? இரு மொழியும் அரைகுறையாய் அறிந்த மொழிபெயர்ப்பாளருடையது என்பது இலகுவான விடை. ஆனால் ஒன்றரை ஆண்டளவாகக் கடற்கரையெங்கும் ஆயிரக்கணக்கானோர் கடவுளை முன்வைத்து 'எனக்கு வேணும்' என்று சொல்லி வந்தனர் என்பதை வரலாற்று மாணவர் எளிதிற் கடந்து செல்லலாகாது. கொச்சிக்குச் சென்ற பட்டங்கட்டிகள் கேட்டதும் அதுவே. கடல் வேணும், தோணி வேணும், கொள்ளையரிடமிருந்து காப்பு வேணும். பிழையான மொழிபெயர்ப்பு அவர்களின் உண்மை நிலையைச் சரியாக மொழிபெயர்த்திருந்தது. நுண்ணிய காதுடைய சவேரியார் சொல்லின் பொருளைக் கேட்டறிந்து திருத்தினார். சொன்னவரின் நிலையைக் கேட்டறிந்தாரா என்பது வேறு வினா. 'வன்பினாலே' என்பதைக் கிறிஸ்துவின் கதையிலிருந்து நீக்கிய அதே ஆண்டின் இறுதியிலேதான் யாழ்ப்பாணத்தின் மீது வன்மையை ஏவுமாறு ஆளுநரை வேண்டப் புறப்பட்டார்.

தமிழ்மொழி வரலாற்றில் இத்திருத்தத்தின் இடம் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. மனனஞ் செய்த மன்றாட்டினால் ஒரு மக்களின் உள்ளத்தை அடைய முடியாது என்பதைச் சவேரியார் தம் அனுபவத்தாலேயே உணர்ந்தார். தாம் தமிழ் கற்று முடிக்கவில்லை. கற்றவரை அவர் மனமுவந்து பாராட்டினார். 1549 இல் இஞ்ஞாசியாருக்கு எழுதியபோது, தமிழைப் பேசவும் எழுதவும் வல்ல அன்றிக் அன்றிக்கசு இருவர் வேலையைச் செய்கின்றார் என்று குறிப்பிட்டார். அந்த அன்றிக்கசு தமிழுக்கு இலக்கணம் வகுத்தார். 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் மொழிபெயர்ப்பே. தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களிற் பழைய தமிழச்சு நூல்களைத் தேடி அறிமுகப்படுத்திய பின்னரே நம் ஆய்வாளர் பலர் இத்துறையை அக்கறையுடன் நோக்கத் தொடங்கினர். ஆயினும் அச்சு நூல்களுக்குக் கிடைத்த கவனம் அவற்றுக்கு முந்திய கடிதங்களுக்குக் கிடைக்கவில்லை. நூற்பட்டியலுக்குள் அடங்காதவை நம் ஆய்வுக்குள்ளும் அடங்குவதில்லை போலும்.

மன்சில்யாஸ் மொலுக்காத் தீவுகளுக்குச் செல்லும் கட்டளையை ஏற்காமையால் 1548 இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கியவர் சவேரியாரே. எனினும் அவர் தம்மிடமிருந்த கடிதங்களை எறிந்துவிடாது பேணிவைத்தார். சவேரியார் 1549 இல் யப்பானுக்குச் சென்று, 1552 டிசெம்பரில் சீனக் கரையருகே சான்சியன் தீவில் இறந்தபின், அவர் நினைவைத் திரட்டத் தொடங்கிய காலத்தில் அவை கிடைத்தன. சபையின் தலைமைக் கடிதங்கள் பாரிஸின் அச்சகத்தை அடைந்த அதே வேளையில், தோணியையும் பணத்தையும் சாராயத்தையும் பற்றிய இத்தாள்கள் விலக்கப்பட்ட ஒருவரின் கையிலே தங்கியிருந்தன. அவற்றுட் சில, பட்டங்கட்டிகளிடமிருந்து வந்த ஓலைகளுக்கு விடையாக எழுந்தவை. அவ்வோலைகளில் அவர்கள் என்ன எழுதினர், எந்தச் சொற்களால் எழுதினர் என்பதைச் சவேரியாரின் விடைகளிலிருந்து மட்டுமே நாம் ஊகிக்க வேண்டியுள்ளது.